புதிய இறால், நத்தை, பவளம்: தொட்டியில் விடும் முன் தனிமைப்படுத்த வேண்டுமா?

அலைமகள் (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி 300 லிட்டர். கோமாளி மீன் ஜோடி ஒன்றும் மஞ்சள் டேங் ஒன்றும் இருக்கின்றன. மூன்றையும் முதலில் சிறிய தொட்டியில் தனியாக வைத்து, காப்பர் மருந்து கொடுத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றினேன்.

இப்போது பாசி தின்ன டர்போ நத்தைகள், துப்புரவு இறால் இரண்டு, சிவப்பு நட்சத்திர மீன் ஒன்று, முடிந்தால் ஒன்றிரண்டு பவளத் துண்டுகள் வாங்க நினைக்கிறேன். "இவற்றுக்கு மீன் நோய் வராது, நேராகவே விடலாம்" என்று கடையில் சொல்கிறார்கள். நோயே வராத உயிரைத் தனிமைப்படுத்தி என்ன பயன்? அவசியம்தான் என்றால், மீன்களை வைத்திருந்த அதே சிறிய தொட்டியைப் பயன்படுத்தலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (மெரிபேங்க், டர்பன்)

தங்கை, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டி வேண்டவே வேண்டாம். வெண்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் காப்பர் மீன் தாங்கிக்கொள்ளும் அளவில் இருக்கிறது. இறால், நத்தை, பவளம் இவற்றுக்கு அதில் சிறு பங்கே உயிரைப் பறிக்கும். தண்ணீரை முழுவதும் மாற்றினாலும் நிம்மதி கிடையாது. உள்ளே கல்லோ மணலோ கிடந்திருந்தால் அவை காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும். ஸ்பாஞ்ச், குழாய், வலை எல்லாவற்றுக்கும் இதே கதி. மீனுக்கு ஒன்று, முதுகெலும்பில்லாதவற்றுக்கு ஒன்று என்று இரண்டு தொட்டிகள் வேண்டும். பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

இனி நோய் விஷயம். நத்தைக்கு வெண்புள்ளி வராது என்பது சரி. ஆனால் நத்தை அதைச் சுமந்து வரும். வெண்புள்ளியை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கிறது. பிறகு உதிர்ந்து விழுகிறது. சில மணி நேரத்துக்குள் கெட்டியான ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. உறைக்குள் பிரிந்து பிரிந்து, ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் உருவாகி வெளியே நீந்தி வந்து மீனைத் தேடும். அந்தக் கெட்டியான பரப்பு கண்ணாடியாக இருக்கலாம், பாறையாக இருக்கலாம், டர்போ நத்தையின் ஓடாகவும் இருக்கலாம். துறவி நண்டு சுமக்கும் சங்கும் பவளத்தின் அடிக்கல்லும் அதற்கு ஒன்றுதான்.

உறையின் குறுக்களவு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. டர்போவின் ஓட்டில் பச்சைப் பாசியும் ஊதாச் சுண்ணப்பாசியும் படிந்திருக்கும். அந்த மேடுபள்ளத்துக்குள் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்தால் சில உதிரும், ஆனால் எல்லாம் போய்விட்டன என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதற்கு மருந்து தேவையில்லை. வெளியே வந்த குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். ஆகவே மீனே இல்லாத தண்ணீரில் நத்தையை வைத்துக் காத்திருந்தால் போதும். மூன்று மீன்களையும் அத்தனை பாடுபட்டுச் சுத்தமாகக் கொண்டுவந்தீர்கள். ஒரு நத்தை ஓட்டால் அது வீணாகக் கூடாது.

கரையோரன் (டோங்காட்)

அண்ணா சொல்லும் உயிரியலில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த ஆலோசனையைக் கேட்டுவிட்டு மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. அடியில் மணல் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அதற்குள் பாசி தின்னும் நத்தைகளை இரண்டு மாதம் அடைத்துவைத்தால் அவை எதைத் தின்னும்? கடல் முயல் என்ற பாசி தின்னும் நத்தை உறவுக்கும் இதே நிலைதான். நோய் வராமல் தடுக்கிறேன் என்று சொல்லிப் பட்டினியால் கொல்வது எந்த வகையில் நியாயம்?

நட்சத்திர மீன் இன்னும் மோசம். ஃப்ரோமியா, லிங்கியா போன்றவை பாறைமேல் படியும் மெல்லிய நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்து வாழ்கின்றன. புதிதாக வைத்த தொட்டியில் அந்தப் படலமே கிடையாது. உப்புத்தன்மை சற்றே மாறினாலும் அவற்றின் உடல் தாங்காது. கடையிலிருந்து ஒரு தொட்டி, அங்கிருந்து இன்னொரு தொட்டி என்று இரண்டு முறை இடம் மாற்றினால் இரண்டு முறை அடி வாங்குகின்றன. கையின் நுனி வெளுத்துக் கரையத் தொடங்கினால் பிறகு காப்பாற்ற முடிவதில்லை.

அலைமகள் அக்காவுக்கு என் கருத்து: நட்சத்திர மீனை விட்டுவிடுங்கள். 300 லிட்டர் தொட்டியில் அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும். தனிமைப்படுத்தினாலும் சாகும், நேராக விட்டாலும் சாகும். நத்தையை வாங்கும் முன் கடையில் ஒன்று கேளுங்கள். நத்தை இருக்கும் தண்ணீரும் மீன் இருக்கும் தண்ணீரும் ஒரே குழாய் இணைப்பில் ஓடுகின்றனவா, தனித்தனியா? தனித்தனியாக ஓடுகிற கடையில் அபாயம் மிகக் குறைவு. ஒரே தண்ணீர் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

உப்புக்காற்று

தம்பி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. வெறும் தொட்டி என்பது மீனுக்கான ஏற்பாடு. மருந்து கொடுக்க வேண்டும், அந்த மருந்தைக் கல் உறிஞ்சிவிடக் கூடாது, அதனால் அங்கே எதையும் வைப்பதில்லை. முதுகெலும்பில்லாதவற்றுக்கு நாம் மருந்தே கொடுக்கப் போவதில்லையே. பிறகு ஏன் அந்தத் தொட்டியை வெறுமையாக வைக்க வேண்டும்?

என் வீட்டில் இருப்பது 60 லிட்டர் தொட்டி. நான்கைந்து உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறை), மெல்லிய மணல், ஒரு மூலையில் கடற்பாசி, கண்ணாடியெங்கும் நுண்ணுயிர்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. மீன் மட்டும் அதற்குள் ஒருபோதும் போனதில்லை. புதிய உயிர் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆண்டு முழுவதும் ஓடுகிறது. நத்தைக்குப் பாசி இருக்கிறது, இறாலுக்கு இரை இருக்கிறது, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பாறையிலேயே குடியிருக்கிறது. பாசி குறைந்தால் சுஷிக்குப் பயன்படும் நோரித் தாளை ஒரு கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி உள்ளே போடுகிறேன். உப்போ மசாலாவோ சேர்க்காத தாளாக இருக்க வேண்டும்.

இத்தகைய சிறிய தொட்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு டர்போ செத்தால் போதும், 60 லிட்டரிலும் அம்மோனியா ஏறிவிடும். டர்போ மல்லாந்து விழுந்தால் பல நேரம் தானாகத் திரும்ப முடியாது, அப்படியே கிடந்து சாகும். தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கவிழ்ந்து கிடப்பதை நிமிர்த்திவிடுங்கள். அசையாமல் கிடப்பதை எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்த நத்தையின் நாற்றம் தவறவே தவறாது.

கடையில் கேட்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் இன்று தனித்தனியாக ஓடும் தண்ணீர் நேற்று எப்படி ஓடியது என்பதும், ஏற்றுமதி செய்தவர் எந்தத் தொட்டியில் வைத்திருந்தார் என்பதும் கடைக்காரருக்கே தெரியாது. நான் காத்திருப்பதையே விரும்புகிறேன்.

நீலத்திமிங்கலம் (கேப் டவுன்)

எத்தனை நாள் காத்திருப்பது என்று யாரும் சொல்லவில்லையே. 76 நாள் என்று சிலர் சொல்கிறார்கள், 45 போதும் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு எண்களுக்கும் பின்னால் இருப்பது வெப்பநிலை.

பெரும்பாலான உறைகள் 3 முதல் 28 நாளுக்குள் திறந்துவிடுகின்றன. ஆனால் 72 நாள் வரை தாமதித்த உறையும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் சில நாள் பாதுகாப்புக்காகச் சேர்த்ததுதான் 76. தண்ணீர் சூடாக இருந்தால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாக முடியும், குளிர்ந்தால் இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் தண்ணீரை 27 டிகிரியில் நிலையாக வைப்பவர்கள் 45 நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இது இந்த நாட்டில் வாழும் நமக்கு முக்கியம். கேப் டவுனில் ஜூலை மாதம் கார் கொட்டகையில் ஹீட்டர் இல்லாமல் தொட்டி வைத்தால் தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கிவிடும். 12 டிகிரியில் உறைகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு சூடேறியதும் விழித்துக்கொண்டதைக் கண்டிருக்கிறார்கள். "மூன்று மாதம் கொட்டகையில் வைத்திருந்தேன், பிறகுதான் சேர்த்தேன், ஆனாலும் வெண்புள்ளி வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஹீட்டர் இருந்ததா என்றுதான். காலண்டர் நாளை மட்டும் எண்ணிப் பயனில்லை. மின்வெட்டின்போதும் இதையே நினைவில் வையுங்கள். 300 லிட்டர் தொட்டி நான்கு மணி நேர மின்வெட்டில் அதிகம் குளிராது. 40 லிட்டர் தொட்டி விரைவாகக் குளிர்ந்துவிடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும், தொட்டியைச் சுற்றிப் போர்த்த ஒரு கம்பளியும் கையில் இருக்கட்டும்.

டர்பன்வாசிகளுக்குக் குளிர் பற்றிய கவலை குறைவு. ஆனாலும் ஹீட்டரை விட்டுவிடாதீர்கள்.

அமைலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் இதேபோல் உறை கட்டும். அது வெண்புள்ளியைவிட வேகமாகக் கொல்லும். மீனில்லாத காத்திருப்பு அதற்கும் பொருந்தும். ஒரே காத்திருப்பில் இரண்டுக்கும் தீர்வு கிடைத்துவிடுகிறது.

பவளத்தோட்டம் (லெனேஷியா, ஜோகன்னஸ்பர்க்)

இதுவரை பேசியதெல்லாம் மீனின் நோய். பவளம் வாங்கப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய தலைவலி பவளத்தையே தின்னும் பூச்சிகள். அவற்றை யாரும் இன்னும் தொடவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கடையிலிருந்து வரும் பவளத் துண்டு ஒரு சிறிய சிமெண்ட் குமிழில் ஒட்டியிருக்கும். நான் செய்யும் முதல் வேலை அந்தக் குமிழை வெட்டி எறிவது. ஐப்டேசியா என்ற களைச் சாமந்தி, குமிழிப் பாசி, புழுநத்தைகளின் கூர்மையான குழாய், வெண்புள்ளியின் உறை, பூச்சிகளின் முட்டை என்று எல்லாம் அந்தக் குமிழின் அடியிலும் ஓரத்திலும்தான் இருக்கும். பவளத்தைப் புதிய குமிழில் சூப்பர் குளூ ஜெல்லால் ஒட்டிவிடுகிறேன். அந்தப் பசை தண்ணீருக்குள்ளேயே இறுகும், பவளத்துக்குத் தீங்கு செய்யாது.

அடுத்தது குளியல். அயோடின் கரைசலிலோ பவளத்துக்கென விற்கும் குளியல் மருந்திலோ, டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் மேல் போகாமல் வைத்து, பீச்சுகுழலால் கிளைகளுக்கு நடுவே தண்ணீரைப் பீச்சி அடிக்கிறேன். அக்ரோபோரா என்ற கிளைப் பவளமாக இருந்தால் சில நேரம் தட்டைப்புழு விழும். வெள்ளைக் கிண்ணத்தில் குளிப்பாட்டினால் ஒழிய அது கண்ணில் படாது. பவளத்தின் நிறத்தையே அது தன் உடலில் ஏற்றிக்கொண்டிருப்பதால், கிளைமேல் இருக்கும்போது எதிரே இருந்தும் தெரியாது. கிண்ணத்தின் அடியில் விழுந்து சுருளும்போதுதான் ஒரு ஒளி ஊடுருவும் முட்டை வடிவத் துண்டு நகர்வது தெரியும். அது தின்ற இடங்களில் பவளத்தின்மேல் வெளிறிய சிறு வட்டங்கள் அடுத்தடுத்து இருக்கும். அந்த வட்டங்களைப் பார்த்தால் அந்தத் துண்டை வாங்காதீர்கள்.

இங்கேதான் பலர் தவறான நிம்மதி அடைகிறார்கள். குளியல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டைகள் பொன்பழுப்பு நிறத்தில், சதை இறந்த எலும்புப் பகுதியில், கிளையின் அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். அப்படியும் தப்பும் முட்டை பிறகு பொரிக்கும். ஆகவே வாரம் ஒரு குளியல் என்று தனித்தொட்டியிலேயே ஆறு வாரமாவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொரித்த குஞ்சு மீண்டும் முட்டையிடும் முன் அடுத்த குளியல் வந்துவிட வேண்டும். மோன்டிபோரா பவளத்தைத் தின்னும் வெண்ணிறக் கடல் அட்டைநத்தைக்கும், சோவாந்திடு என்ற பொத்தான் போன்ற பவள உறவுகளைத் தின்னும் அதன் உறவுக்கும் இதே கணக்குத்தான்.

உப்புக்காற்று ஐயாவின் உயிர்ப்பாறைத் தொட்டியை நத்தைக்கும் இறாலுக்கும் நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். பவளத்துக்கு மட்டும் ஏற்கமாட்டேன். பூச்சி ஒருமுறை பாறை இடுக்கில் புகுந்துவிட்டால் அங்கிருந்து விரட்ட முடியாது. பவளத்துக்குப் பாறையில்லாத தொட்டி, பிளாஸ்டிக் சட்டம், நல்ல விளக்கு, நீரோட்டம், வடிகட்டியில் முன்பே பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்ச். அவ்வளவுதான். விளக்கில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். ஆறு வாரம் இருட்டில் வைத்தால் பவளம் பூச்சியில்லாமல் வெளுத்துச் சாகும்.

சிவப்பு நிறத்தில் புள்ளிபோல் அக்ரோபோராவில் ஊரும் டெகாஸ்டெஸ் என்ற பூச்சிக்கு நாய்களின் இதயப்புழுவுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் ஆக்சிம் மாத்திரை வேலை செய்யும். அதே மாத்திரை இறாலையும் நண்டையும் கொல்லும். பெரிய தொட்டியில் அதைப் போட வேண்டிய நிலை வந்தால் இறால்களையெல்லாம் முதலில் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். தனித்தொட்டியில் பவளம் மட்டுமே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இறாலையும் பவளத்தையும் ஒரே தனித்தொட்டியில் வைக்காதீர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்தில் எழுதிய அளவுகளை நம்பி நத்தைகளைச் சிறிய தொட்டியில் நெருக்கி வைக்காதீர்கள். காற்றுக்கல் ஒன்று எப்போதும் ஓடட்டும்.

வெண்சங்கு (ஃபீனிக்ஸ், டர்பன்)

நான் மருத்துவமனையில் செவிலியாக வேலை செய்கிறேன். மேலே சோவாந்திடு என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சோவாந்திடுகளிலும் அவற்றின் உறவான பாலிதோவாவிலும் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. குமிழை வெட்டும்போதும், பூச்சி தேடிச் சுரண்டும்போதும், பிரஷ் போட்டுத் தேய்க்கும்போதும் அதன் சாறு கண்ணில் தெறிக்கலாம், விரல் கீறலில் இறங்கலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். வேலை முடிந்ததும் கத்தியையும் கிண்ணத்தையும் சமையலறையில் கழுவாதீர்கள்.

எக்காரணம் கொண்டும் பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். களை போகட்டும் என்று பாறையை அடுப்பில் வேகவைத்து, ஆவியை மூச்சில் இழுத்து, வீட்டார் அனைவரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. வாயில் கசப்போ உலோகச் சுவையோ, காய்ச்சல், நடுக்கம், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி இவை வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் "கடல் தொட்டியில் சோவாந்திடு வெட்டினேன், பாலிடாக்சினாக இருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். மருத்துவர் தாமாக அதை ஊகிப்பது அரிது. இதற்கென்று முறிமருந்து கிடையாது. அறிகுறிக்குத்தான் சிகிச்சை, அதனால் சீக்கிரம் போவது முக்கியம்.

பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் வீடு என்றால் அந்த வேலையை அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு செய்யுங்கள், அலைமகள் அக்கா.

அலைமகள்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நட்சத்திர மீன் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். பவளத்தையும் இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். நத்தை, இறாலுக்கு மட்டும் ஒரு தொட்டியை உயிர்ப்பாறையோடு தொடங்குகிறேன்.

சில சந்தேகங்கள். முதலாவது, என் தம்பி கடற்கரைப் பாறைக் குட்டைகளில் நத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறான். அதுவும் கடல் நத்தைதானே, அதைத் தனிமைப்படுத்தினால் போதாதா? இரண்டாவது, ஐப்டேசியா தின்னும் பெப்பர்மின்ட் இறால் என்று ஒன்றைக் கடையில் காட்டினார்கள். சிவப்பும் வெள்ளையுமாக அழகாக இருக்கிறது. வாங்கலாமா? மூன்றாவது, இரண்டு தொட்டிகளையும் ஒரே அறையில் வைக்கலாமா?

கரையோரன்

முதல் இரண்டுக்கு நான் சொல்கிறேன், அக்கா.

பாறைக் குட்டை நத்தையை விட்டுவிடுங்கள். பெர்மிட் இல்லாமல் எடுப்பது குற்றம். பெர்மிட் இருந்தாலும் எதை எடுக்கலாம், எத்தனை எடுக்கலாம் என்று கட்டுப்பாடு உண்டு. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் தடை இன்னும் கடுமை. 1999இல் உலக பாரம்பரியச் சின்னமான ஐசிமாங்கலிசோவுக்குள் இருக்கும் சொட்வானா விரிகுடாப் பவளத் திட்டுகள் ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பவளத் திட்டுகளில் சேர்ந்தவை. அங்கிருந்து ஒரு துண்டைக்கூடத் தொடக்கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், குட்டையில் மீன்களும் வாழ்கின்றன. ஒட்டுண்ணி கடலிலிருந்து வந்ததுதானே. மேலும் நம் கடலோரத் தண்ணீர் குளிர்காலத்தில் 20, 21 டிகிரிக்கு இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் வாழும் நத்தை ஆண்டு முழுவதும் 26 டிகிரியில் நீண்ட நாள் நிற்பதில்லை.

கடல் நீரையே கேனில் பிடித்துப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழைக்குப் பிறகு உம்கேனி ஆற்று முகத்துக்கு அருகில் பிடிக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகிக் கடற்கரைகளை மூட வேண்டியிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இறால் விஷயத்தில் கவனமாக இருங்கள். நீங்கள் பார்த்தது ஒட்டக இறாலாக இருக்கலாம். அதன் அறிவியல் பெயரே ரிங்கோசினெட்டிஸ் டர்பனென்சிஸ், நம் ஊரின் பெயரைத் தாங்கியது. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு ஒரே பெயரில் விற்கும் கடைகள் உண்டு. பெப்பர்மின்ட் இறாலின் உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். ஒட்டக இறாலுக்கு முதுகில் கூன் இருக்கும், கண்கள் பெரியவை, சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சென்று இருக்கும். மூக்கின் நுனியிலுள்ள கூர்முள்ளைக் கீல் போட்டதுபோல் மேலும் கீழும் மடக்கும். அது சோவாந்திடையும் மென்பவளத்தையும் தின்னும். நீங்கள் பிறகு பவளம் வாங்கினால் அதை இரவோடு இரவாக மேய்ந்துவிடும்.

நான் தனிமைப்படுத்தலை எதிர்த்துப் பேசியவன். ஆனால் இந்த இடத்தில் அதன் பயன் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வாங்கிய உயிர் உண்மையில் எது, எதைத் தின்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. உயிர்ப்பாறையோடு, இரையோடு, முதிர்ந்த தொட்டியில் செய்வதாக இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை.

உப்புக்காற்று

மூன்றாவது கேள்விக்கு: ஒரே அறையில் வைக்கலாம், பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். காற்றுக்குமிழ் உடையும்போது நுண்துளிகள் பறக்கும். அமைலூடினியம் அந்தத் துளிகளில் ஏறிக் காற்று வீசும் திசையில் 3 மீட்டர் வரை போகும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். 3 மீட்டருக்கு மேல் இடைவெளியும் இரண்டு தொட்டிக்கும் மூடியும் இருந்தால் நல்லது. வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தனி. ஒரு நிறத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு வாளி பெரிய தொட்டிக்கு, நீல வாளி தனித்தொட்டிக்கு. தினமும் முதலில் பெரிய தொட்டி வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் தனித்தொட்டியில் கை வையுங்கள்.

நத்தையும் இறாலும் வந்த அன்று பையின் உப்புத்தன்மையை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். மீன்களுக்காகச் சில கடைகளில் உப்பைக் குறைத்து வைப்பார்கள். ஒப்படர்த்தி 1.020இல் இருந்த இறாலை 1.025க்கு ஒரே மூச்சில் தள்ளினால் அடுத்த தோலுரிப்பில் செத்துப்போகும். மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டு, நேரம் எடுத்துப் பழக்குங்கள். பையின் தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள்.

சில நாளில் காலையில் எழுந்து பார்த்தால் இறால் செத்துக் கிடப்பதாகத் தோன்றும். பதறாமல் எடுத்துப் பாருங்கள். மீசை, கால், கண்ணுறை எல்லாம் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, முதுகில் தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பிளவு தெரியும். அது கழற்றிய சட்டை. இறால் பாறைக்குள் ஒளிந்திருக்கும், புதிய ஓடு இறுகும் வரை வெளியே வராது. அந்தப் பழைய ஓட்டை வெளியே எடுத்துவிடுங்கள். அதன்மேல் உறை ஒட்டியிருந்தால் அதோடு போய்விடும். இறாலில் அபாயம் நத்தையைவிடக் குறைவு என்பது இதனால்தான். ஆனாலும் நத்தைக்குக் காத்திருக்கும் நாளையே அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து நத்தைகளின் வாய்மூடி ஓரத்தைப் பாருங்கள். அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது பிரமிடு நத்தை. டர்போவின் உடல் நீரை உறிஞ்சும் ஒட்டுண்ணி. ராட்சதச் சிப்பி வைத்திருப்பவர்களுக்கு அது யமன். பகலில் மணலுக்குள் போய்விடும், இரவில்தான் வெளியே வரும். பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, அடியில் ஜெல்லிபோல் இருக்கும் முட்டையையும் சுரண்டிவிடுங்கள். சில இரவுகள் தொடர்ந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் நிம்மதி.

நீலத்திமிங்கலம்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தனித்தொட்டிக்குப் பாறை எங்கிருந்து எடுப்பது என்பதையும் யோசியுங்கள், அக்கா. உங்கள் பெரிய தொட்டியில் மீன்கள் சுத்தமாக இருப்பதால் அங்கிருந்தே ஒன்றிரண்டு பாறை எடுக்கலாம். கடையின் மீன் தொட்டியிலிருந்து வரும் பாறை என்றால் அதுவும் நத்தை ஓடு போலத்தான், உறைகளோடு வரும். பாறையை வைத்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் தெரிந்த பிறகே உயிர்களை வாங்குங்கள். வாங்கிவிட்டு அதன் பிறகு தொட்டி தயாரிக்க ஓடுகிறவர்களே அதிகம்.

அலைமகள்

பெரிய தொட்டிப் பாறையை நாளையே மாற்றி வைக்கிறேன், தம்பி. கடைசியாக ஒரு கேள்வி. நத்தைகளை இந்த மாதமும் இறால்களை அடுத்த மாதமும்தான் வாங்க முடியும் என்று நினைக்கிறேன். அதே தனித்தொட்டியில் நடுவில் சேர்க்கலாமா? நத்தைகளின் நாள் முடிந்ததும் அவற்றை மட்டும் எடுத்துப் பெரிய தொட்டியில் விட்டுவிடலாமா?

உப்புக்காற்று

சேர்க்கலாம் தங்கை, ஆனால் எடுக்க முடியாது. இறால் வந்த நிமிடத்தில் அதன் பையிலோ ஓட்டிலோ ஒட்டி வந்த எதுவும் அந்தத் தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. நத்தையின் ஓட்டில் போய் ஒட்ட அதற்கு ஒரு நாள் போதும். கடைசியாக உள்ளே போன உயிரின் நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வாங்க முடிந்தால் அப்படி வாங்குங்கள். முடியாவிட்டால் நத்தைகளின் 76 நாள் முடிந்து அவை பெரிய தொட்டிக்குப் போன பிறகு இறால்களைக் கொண்டு வாருங்கள்.

தண்ணீர் எப்போதும் 27 டிகிரியில் நின்றால் 45 நாளில் முடித்துக்கொள்ளலாம். வெப்பமானியை ஹீட்டருக்கு அருகில் மாட்டாமல் எதிர் மூலையில் மாட்டிப் பாருங்கள்.